வெக்கையில் பியர்: ஐஸா, பிரிட்ஜா, நார்வே ஈஸ்ட்டா?

சிங்கப்பூரில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவருக்கு மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கிடைக்கும், ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) கிடைக்கும், எந்த ஊர் ஈஸ்ட் பாக்கெட்டும் தபாலில் வந்து சேரும். கிடைக்காத ஒரே சரக்கு 19 டிகிரி. வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் பகலில் 30, 31 டிகிரி நிற்கும். விடியற்காலையிலும் 27-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். யுஎஸ்-05 போன்ற சாதாரண ஏல் (மிதமான வெப்பத்தில் புளிக்கும் பியர்) ஈஸ்ட்டுக்கோ 18 முதல் 22 வரை இருந்தால்தான் சுகம். லாகர் (குளிரில் புளிக்கும் தெளிந்த பியர்) ஈஸ்ட் இன்னும் செல்லம், 10 அல்லது 12 டிகிரி கேட்கும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பியர் காய்ச்சலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் உச்சவரம்பு, விற்கக் கூடாது, வடித்துச் சாராயமாக்கவும் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் இதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம்.

சரி, வெப்பம் கூடினால் என்ன கெட்டுப்போகும்? பியர் கெடாது, புளிக்கும், போதையும் வரும். ஆனால் ஈஸ்ட் அவசரப்பட்டுப் பெருகும்போது ஃப்யூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்களை அதிகமாகக் கக்கும். குடித்தால் தொண்டை எரியும், பெயின்ட் தின்னர் வாசனை அடிக்கும். சில ஈஸ்ட்டுகள் வாழைப்பழ மணத்தை அள்ளிக் கொட்டும். இதெல்லாம் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில், ஈஸ்ட் பெருகும் கட்டத்தில் தீர்மானமாகிவிடும். ஆறாம் நாள் 24 டிகிரிக்கு ஏறினால் கவலை இல்லை. மிச்சமிருக்கும் டையசெட்டிலை, அதாவது அந்த வெண்ணெய் வாசனையை, ஈஸ்ட் தின்று முடிக்க அது உதவவும் செய்யும். ஆகவே கீழே வரும் வழிகளை ஒரே கேள்வியால் அளக்கிறேன்: ஈஸ்ட் போட்ட நேரத்திலிருந்து மூன்று நாள், நாம் தூங்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும், வெப்பத்தைப் பிடித்து வைக்குமா?

இதில் பலர் மறப்பது, ஃபெர்மென்டர், அதாவது பியர் புளிக்கும் கலம், தானாகவே சூடாகும் என்பது. 20 லிட்டர் சாதாரண பியரில் ஈஸ்ட் தின்னும் சர்க்கரை ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. அதிலிருந்து வெளிவரும் வெப்பம் சுமார் 1,000 கிலோ ஜூல். அவ்வளவும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் 20 லிட்டரும் 12 டிகிரி ஏறிவிடும். நடைமுறையில் பெரும்பகுதி அறைக்குக் கசிந்துவிடுவதால் ஏற்றம் 3 முதல் 6 டிகிரி. ஆனால் ஏர்கானில் 24 என்று காட்டினால் பியரும் 24 என்று நினைப்பது தப்பு. உச்சத்தில் அது 27, 28-ஐத் தொட்டிருக்கும்.

இன்னொரு சிக்கல் ஃபெர்மென்டருக்கு முன்பே தொடங்குகிறது. கொதிக்கவைத்த மால்ட் சாற்றைச் செம்புச் சுருளில் குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு ஆற்றுவது வழக்கம். இங்கே குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரியில் வருகிறது. எவ்வளவு ஓடவிட்டாலும் சாறு 32-க்குக் கீழே இறங்காது. அந்தச் சூட்டில் ஏல் ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு அப்புறம் குளிரவைத்தால் முதல் பன்னிரண்டு மணி நேரம் கையைவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீரை ஐஸ் வாளி வழியாகச் சுற்றவிட்டுச் சுருளுக்கு அனுப்பலாம். அல்லது ஆஸ்திரேலியர்கள் செய்வதுபோல் கொதிசாற்றைத் தடித்த பிளாஸ்டிக் கேனில் அடைத்து, மறுநாள்வரை ஆறவிட்டு, குளிர்ந்த பிறகு ஈஸ்ட் போடலாம். பொறுமைதான் செலவு.

மலிவான வழியிலிருந்து தொடங்குவோம். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஈரமான டி-ஷர்ட்டைப் போர்த்தி, மின்விசிறியைத் திருப்பிவிடும் வழி. வெளிநாட்டுப் புத்தகங்களும் காணொளிகளும் இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்யும், அவர்கள் ஊருக்கு அது சரியும்கூட. மெல்பர்னில் 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால் ஈரத்துணி 20 டிகிரிவரை இறங்க முடியும். சிங்கப்பூரில் 31 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது எவ்வளவு விசிறினாலும் துணி 26-ஐத் தாண்டிக் கீழே போகாது. அது மின்விசிறியின் குறை இல்லை, காற்றில் நீராவிக்கு இடமில்லை. ஈஸ்ட்டின் சொந்தச் சூட்டையும் சேர்த்தால் லாபம் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, தேங்கிய தண்ணீர் என்பது இந்த ஊரில் டெங்கிக் கொசு விவகாரம். தொட்டி வைத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்ற வேண்டும், சோதனைக்கு வரும் அதிகாரிக்குப் பியரைப் பற்றி விளக்கமும் சொல்ல வேண்டும். வேண்டாம் இந்த வழி.

ஏர்கான் அறை அடுத்தது. ஏற்கெனவே இருக்கிறதே, படுக்கையறையில் ஒரு மூலையில் வைத்துவிடலாமே என்று தோன்றும். இரவு முழுக்க 23-இல் ஓடும், காலையில் அணைத்ததும் அறை மறுபடி 30. ஈஸ்ட்டுக்கு மிதமான வெப்பம் பிடிக்காமல் போனாலும் பொறுத்துக்கொள்ளும். ஏறி இறங்கும் வெப்பம் அதைச் சோர்வடைய வைக்கும். பகலும் ஓடவிட்டால் ஒரு வாளிக்காக ஓர் அறையையே குளிர்விக்கிறோம், மாதக் கடைசியில் மின்கட்டணம் வீட்டில் பேச்சாகும். அறைக்குள் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் கலந்த ஒரு நெடி வேறு. அதைச் சிலர் ரசிப்பார்கள், கூடப் படுப்பவரும் ரசிக்க வேண்டும் அல்லவா. சைசன் (பெல்ஜியப் பண்ணை பியர் வகை) போன்ற வெப்பம் தாங்கும் ஈஸ்ட் என்றால் ஏர்கான் அறை போதும். ஆனால் அந்த ஈஸ்ட்டுக்கு ஏர்கானே தேவையில்லை.

ஐஸ் பை கொஞ்சம் மரியாதைக்குரியது. தடித்த நுரைச் சுவர் வைத்த ஒரு பெரிய பை. உள்ளே ஃபெர்மென்டர், அதைச் சுற்றி உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள், மேலே ஜிப். கடையில் வாங்கலாம், தெர்மோகோல் அட்டையும் டேப்பும் கொண்டு பெட்டியாகச் செய்தும் கொள்ளலாம். மின்சாரம் வேண்டாம், வேலை முடிந்தால் மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். சின்ன வீட்டில் இது பெரிய விஷயம்.

பாட்டில் கணக்கு இப்படிப் போகும். ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று முழுக்க உறைந்திருந்தால், உருகிப் பியரின் வெப்பத்துக்கு வந்து சேருவதற்குள் 650 கிலோ ஜூல் போல உறிஞ்சும். 20 லிட்டரை 30-இலிருந்து 19-க்கு இறக்கவே ஒன்றரை பாட்டில் வேண்டும். அப்புறம் பையின் சுவர் வழியாக ஒரு நாளில் உள்ளே கசியும் வெப்பத்துக்குக் கிட்டத்தட்ட இன்னொரு ஒன்றரை. ஈஸ்ட் உச்சத்தில் இருக்கும் நாளில் அதன் சூட்டுக்காக மேலும் ஒன்று. ஆக முதல் மூன்று நாள் தினமும் இரண்டரை முதல் மூன்று பாட்டில், அதற்குப் பிறகு ஒன்று, ஒன்றரை. கேட்க எளிது. ஆனால் ஒரு பாட்டில் முழுசாக உறைய வீட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் ஆகிவிடும், எனவே கைவசம் ஆறு பாட்டில் சுழற்சியில் இருக்க வேண்டும். மீனும் கோழியும் பரோட்டா பாக்கெட்டும் அடைந்து கிடக்கும் ஃப்ரீசரில் ஆறு பாட்டிலுக்கு இடம் பிடிப்பது பியர் காய்ச்சுவதைவிடச் சிரமமான காரியம். பாட்டிலை வாய்வரை நிரப்பாதீர்கள், உறைந்து விரிந்தால் வெடிக்கும்.

காலையும் இரவும் மாற்றினால் 18-க்கும் 21-க்கும் இடையில் வைத்திருக்கலாம். அது ஏல் பியருக்குத் தாராளமாகப் போதும். லாகருக்கு முடியாது. ஊருக்குப் போகும் வாரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. வெயில் நேரத்தில் அலுவலகக் கூட்டம் நீண்டுவிட்டால் பியரும் சேர்ந்து சூடாகும். வருடத்துக்கு மூன்று, நான்கு முறை காய்ச்சுகிறவருக்கு ஐஸ் பை நியாயமான தேர்வு. அதற்கு மேல் போனால் பாட்டில் மாற்றுவதே ஒரு வேலையாகிச் சலித்துவிடும்.

இப்போது பிரிட்ஜ். பழைய பிரிட்ஜ் ஒன்று, அதோடு ஒரு வெப்பக் கன்ட்ரோலர். இன்க்பேர்ட் ஐடிசி-308 போன்ற கன்ட்ரோலர் ஒன்று சுமார் ஐம்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும். பிரிட்ஜின் பிளக்கை அதில் சொருகி, சென்சாரை உள்ளே விட்டு, 19 என்று வைத்துவிட்டால் அதுவே மின்சாரத்தைத் திறந்து மூடிக்கொள்ளும். பழைய பிரிட்ஜ், பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் நூறு வெள்ளியைச் சுற்றிக் கிடைக்கிறது, வீடு மாறுகிறவர்கள் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று சும்மாவும் கொடுப்பார்கள். உள்ளே 19 டிகிரிதான் என்பதால் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடாது. ஒரு நாளைக்கு ஒரு யூனிட்கூட ஆகாது, யூனிட் 30 காசு என்று வைத்தாலும் ஒரு முறை காய்ச்சி முடிக்க நாலைந்து வெள்ளிதான்.

என் சிபாரிசு இதுதான் என்பதால் இதன் நுணுக்கங்களைச் சொல்கிறேன். சென்சாரைப் பிரிட்ஜுக்குள் காற்றில் தொங்கவிடக் கூடாது. காற்று இரண்டு நிமிடத்தில் குளிரும், பியர் குளிர மணிக்கணக்காகும். கம்ப்ரசர் ஓயாமல் ஏறி இறங்கிச் சீக்கிரம் சாகும். ஃபெர்மென்டரின் பக்கவாட்டில், பியர் மட்டத்துக்குக் கீழே சென்சாரை ஒட்டி, அதன் மேல் நுரை ரப்பரோ மடித்த துணியோ வைத்து டேப் போடுங்கள். அப்போது அது பியரின் சூட்டைத்தான் படிக்கும். எத்தனை டிகிரி விலகினால் கன்ட்ரோலர் விழித்துக்கொள்ள வேண்டும் என்ற வித்தியாசத்தை அரை டிகிரி அல்லது ஒரு டிகிரி என்று வையுங்கள், அதற்கு மேல் துல்லியம் தேடுவது வீண் வேலை. கம்ப்ரசர் நின்று மறுபடி தொடங்க மூன்று நிமிட இடைவெளி இருக்கட்டும்.

பிரிட்ஜ் வாங்கும்போது அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். வெளியளவு பெரிதாகத் தெரியும் பிரிட்ஜின் உள்ளே, கீழ்ப்பக்கம் கம்ப்ரசருக்காக ஒரு மேடு துருத்திக்கொண்டு நிற்கும். ஃபெர்மென்டர் அதில் இடித்துக் கதவு மூடாது. கண்ணாடித் தட்டுகளைக் கழற்றிவிட்டு, மூடிமேல் வாயுவை வெளியே விடும் தண்ணீர் அடைப்பான ஏர்லாக்கையும் சேர்த்து உயரம் அளக்க வேண்டும். கம்ப்ரசர் இல்லாத, சத்தமே போடாத குட்டி பிரிட்ஜ்கள் மலிவாக வரும். அவற்றை விட்டுவிடுங்கள், 30 டிகிரி அறையில் 20 லிட்டரை இழுத்துப் பிடிக்க அவற்றுக்குத் திராணி இல்லை. 19 டிகிரியில் ஓடும் பிரிட்ஜில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று உள்ளே வைத்தால் தீரும். கடைசியில் பியர் தெளிவதற்காக 2 டிகிரிக்கு இறக்கும்போது உள்ளே காற்று சுருங்கி ஏர்லாக் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு முன் ஏர்லாக்கைக் கழற்றித் துளையை அடைத்துவிடுவது நல்லது.

பிரிட்ஜின் உண்மையான விலை இடம்தான். வீட்டில் இரண்டாவது பிரிட்ஜ் வைக்க எல்லாருக்கும் மூலை கிடைக்காது. கிடைத்தாலும் வீட்டாரின் சம்மதம் தனி அத்தியாயம். ஆனால் லாகர் வேண்டும் என்றால் இதை விட்டால் எளிய வழி கிடையாது. டபிள்யூ-34/70 லாகர் ஈஸ்ட்டை 12-இலும் வைக்கலாம், 18-இல் வைத்தாலும் முகம் சுளிக்காது. பிரிட்ஜ் இருந்தால் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

கிளைக்கால் சில்லர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ந்த திரவத்தைப் பம்பு வழியாக ஃபெர்மென்டருக்குள் இருக்கும் சுருளில் ஓடவிடும் இயந்திரம், ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். ஒரே சமயத்தில் மூன்று ஃபெர்மென்டரை மூன்று வெப்பத்தில் வைக்கலாம். மாதம் 30 லிட்டர் வரம்புள்ள ஊரில் மூன்று ஃபெர்மென்டர் எதற்கு? தவிர, அது உறிஞ்சும் சூட்டைக் கூடத்திலேயே கக்கும், இங்குள்ள ஈரக்காற்றில் குழாய்கள் வியர்த்துத் தரையெல்லாம் சொட்டும்.

அழுத்தத்தில் புளிக்கவைக்கும் முறை இப்போது பிரபலம். மூடிய கலத்தில் வரும் கரியமில வாயுவை வெளியே விடாமல், ஸ்பண்டிங் வால்வு வைத்து 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிறுத்துவார்கள். அழுத்தம் ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டி, பழ மணத்தைக் குறைக்கும். 20 டிகிரியில் லாகர் செய்ய முடிகிறது என்று சொல்வது உண்மைதான். ஆனால் 20 டிகிரியில். நம் கூடத்து 30-ஐ அழுத்தம் மட்டும் சமாளித்துவிடும் என்று எதிர்பார்த்து இருநூறு, முந்நூறு வெள்ளி போடுவது ஏமாற்றம். பிரிட்ஜோ பையோ ஏற்கெனவே இருப்பவருக்கு அடுத்த படியாக இது நல்லது, முதல் படியாக இல்லை. அழுத்தம் தாங்கும் கலத்தில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சாதாரண வாளியும் கண்ணாடிக் குடுவையும் வெடிக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஈஸ்ட்டுக்காக வீட்டை மாற்றும் வழிகள். வீட்டுக்குத் தகுந்த ஈஸ்ட்டைத் தேடுவது இன்னொரு பாதை. வெப்பத்தோடு மல்லுக்கு நிற்காமல் ஒதுங்கிப்போவது பியருக்குப் புதிதல்ல. பவேரியாவில் 1553-இல் போட்ட ஆணை, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சவே கூடாது என்றது. இலங்கையில் லயன் பியர் 19-ஆம் நூற்றாண்டில் நுவரெலியாக் குளிரில்தான் பிறந்தது. நமக்கு அந்த மாதிரி மாதமும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் நார்வேயின் மேற்குக் கரையோரப் பண்ணைகளிலிருந்து க்வைக் வந்திருக்கிறது.

தலைமுறை தலைமுறையாக மரவளையங்களில் உலர்த்திப் பாதுகாத்த பண்ணை ஈஸ்ட் அது. குளிர் நாட்டுக்காரர்கள் வளர்த்த ஈஸ்ட்டாக இருந்தாலும், வாஸ் பகுதியில் அதை 39, 40 டிகிரிச் சூட்டில் போடுவது வழக்கம். லாலமண்ட் நிறுவனம் அந்த ஊர் வகையை உலர் பாக்கெட்டில் விற்கிறது. 25 முதல் 40 வரை தாங்கும், 35-க்கு மேல்தான் அதன் உற்சாகம். இட்லி மாவு மாதிரி இந்த வெயிலே அதற்கு வரம். சிங்கப்பூர் கூடத்தில் 30-இல் தொடங்கினால் தன் சூட்டிலேயே 34-க்கு ஏறி, மூன்று நாளில் புளித்து அடங்கிவிடும். குளிர்விப்பதற்குப் பதில் ஒரு துண்டைச் சுற்றிவிடச் சொல்கிறார்கள்! சாற்றை 32-க்குக் கீழே ஆற்ற முடியவில்லை என்ற முதல் சிக்கலும் இத்தோடு காணாமல் போகிறது. வீட்டுப் புகலிட அறையை (போர்க்காலப் பாதுகாப்புக்காகக் கட்டிய அறை) சாமான் அறையாக வைத்திருப்பவர்கள் அங்கேயே வைக்கலாம். தடித்த கான்கிரீட் சுவருக்குள் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நுழைவதற்கு முன் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், 20 லிட்டர் பியரிலிருந்து 400 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வரும்.

குறை இல்லாமல் இல்லை. வாஸ் வகையில் ஆரஞ்சுத் தோல் வாசனை மெல்லிசாக வரும். பேல் ஏல், ஐபிஏ போன்றவற்றில் ஹாப்ஸோடு சேர்ந்து அது அழகு. கண்ணாடி மாதிரி சுத்தமான லாகரை எதிர்பார்க்கிறவருக்கு உறுத்தும். லூத்ரா என்ற இன்னொரு வகை அதைவிட அடக்கமானது, போலி லாகர் என்ற பெயரில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். சரக்கு நெருங்கி வரும், அசலாகாது. சத்து குறைந்த லேசான சாற்றில் க்வைக் தடுமாறும், ஈஸ்ட் சத்துப்பொடி கொஞ்சம் போட வேண்டும். மூன்றாம் நாளே குமிழி நின்றாலும் ஒரு வாரம் விட்டுவிட்டுப் பாட்டிலில் அடைப்பது உசிதம்.

சைசன் ஈஸ்ட்டும் 30 டிகிரிக்கு அஞ்சாது, மிளகுக் காரமும் பழ மணமும் அதன் சுபாவம். பெல் சைசன் போன்றவை மற்ற ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் மெதுவாக உடைத்துத் தின்னும் ரகம். அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் உள்ளே தின்றுகொண்டே இருந்து பாட்டிலை வெடிக்க வைக்கும். மிச்சச் சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் அளவு சில நாள் அசையாமல் நின்றால்தான் மூடி போட வேண்டும். இன்னொரு வழி, குறையை மறைக்கும் பியரைத் தேர்ந்தெடுப்பது. கறுத்த, இனிப்பேறிய வெப்பமண்டல ஸ்டவுட்டில் கொஞ்சம் பழ வாசனை கூடினாலும் அது தப்பாகத் தெரியாது.

எனவே யாருக்கு எது? முதல் முறை காய்ச்சப்போகிறவர் ஒன்றும் வாங்க வேண்டாம். க்வைக் பாக்கெட் போதும், அந்தக் காசை நல்ல தெர்மாமீட்டரில் போடுங்கள். இரண்டு, மூன்று முறை காய்ச்சிய பிறகு ஆரஞ்சு வாசனை சலித்து, ஆங்கில ஏல், கோதுமை பியர் என்று ஆசை விரிந்தால் அப்போது யோசிக்கலாம். மூலை இருந்தால் பிரிட்ஜ், இல்லாவிட்டால் ஐஸ் பை. லாகர்தான் வேண்டும் என்பவர் பையை வாங்கிக் காசைக் கரியாக்காமல் நேராகப் பிரிட்ஜுக்குப் போகலாம். சாறு கொதிக்கவைக்கும் பளபளக்கும் எஃகுக் கெட்டிலுக்கு நானூறு வெள்ளி கொடுத்துவிட்டு ஃபெர்மென்டரைக் கூடத்து மூலையில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பியரின் ருசி கெட்டிலில் இல்லை.

பிரிட்ஜ் வாங்குகிறவர் இன்னொன்றையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். அடைத்த பாட்டில்கள் அறை வெப்பத்தில் ஒரு வாரத்தில் காஸ் பிடித்துவிடும். அதற்குப் பிறகும் 30 டிகிரியில் கிடந்தால் ஹாப்ஸ் வாசனை சீக்கிரம் மங்கி, நனைந்த அட்டை வாசனை வரும். அவற்றுக்கும் அதே பிரிட்ஜ்தான் வேண்டும். மாதம் 20 லிட்டர் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால், இரண்டு வாரம் ஃபெர்மென்டர், அடுத்த இரண்டு வாரம் பாட்டில்கள் என்று முறை போட்டு ஓட்டலாம். வரம்புக்குள் மிச்சமிருக்கும் பத்து லிட்டரைக் க்வைக் போட்டுக் கூடத்திலேயே காய்ச்சிக்கொள்ளலாம்.